ரெண்டு மாநிலத்தில் தோற்றவர் இன்னும் எதற்கு நிற்கிறார்? அமெரிக்க பிரைமரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இவர்தான் வரிசையாகத் தோற்கிறாரே, பேசாமல் விலகிவிடக் கூடாதா?" ஒவ்வொரு முறையும் 2020 பிப்ரவரியில் ஜோ பைடன் இருந்த நிலையைத்தான் பதிலாகச் சொல்வேன். அந்த நிலையிலிருந்து மீண்டவர் அவர். மீளாமல் போனவர்கள் நிறைய பேர். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும் என்பதால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பிரைமரி என்றால் என்ன?

ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று அந்தக் கட்சியின் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல். நம் ஊரில் கட்சித் தலைமை வேட்பாளரை அறிவிப்பது போல அங்கே நடப்பதில்லை. வருடத் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக இது நடக்கும். வாங்கும் ஓட்டுக்கு ஏற்ப வேட்பாளருக்குப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். கோடையில் கூடும் கட்சி மாநாட்டில் பாதிக்கு மேல் பிரதிநிதிகள் யார் பக்கமோ அவரே வேட்பாளர். 2020-ல் ஜனநாயகக் கட்சியில் முதல் சுற்றிலேயே வெல்ல 1,991 பேர் வேண்டியிருந்தது.

எல்லா மாநிலமும் ஒரே நாளில் ஓட்டுப் போடுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

காக்கஸ் என்கிறார்களே, அது வேறா?

வேறுதான். அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி 2020 வரை இந்த முறையில்தான் நடத்தியது. உறைகிற குளிரில், ராத்திரி ஏழு மணிக்கு, பள்ளிக்கூட விளையாட்டு அரங்கிலோ சர்ச்சிலோ நூலகத்திலோ அந்த வட்டாரத்துக் கட்சிக்காரர்கள் கூடுவார்கள். பெட்டிக்குள் ரகசியமாகப் போடும் ஓட்டு கிடையாது. 2020-ல் என்றால், போட்டியில் இருந்த சாண்டர்ஸின் ஆட்கள் ஒரு மூலை, வாரனின் ஆட்கள் ஒரு மூலை, பைடனின் ஆட்கள் ஒரு மூலை என்று போய் நிற்க வேண்டும். தலை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில், வந்த கூட்டத்தில் 15 சதவீதம் சேராத மூலை அத்தோடு கணக்கில் இல்லை. அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், மற்றவர்களைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம். அதற்குள் பக்கத்து மூலையிலிருந்து தெரிந்த முகம் ஒன்று வந்து, "எங்க பக்கம் வந்திடுங்க" என்று கூப்பிடும்.

பின்தங்கிய வேட்பாளரை ஆதரிப்பவருக்கு இது ரொம்பக் கஷ்டமான இடம். திரைக்குப் பின்னால் நின்று ஓட்டுப் போடும்போது, தோற்கிற பக்கம் போட்டாலும் யாருக்கும் தெரியாது. இங்கே எதிர்வீட்டுக்காரரும் பிள்ளையின் டீச்சரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் மூலை காலியாவதை நின்று பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரி 3 இரவு பைடனின் மூலை பல ஊர்களில் அப்படித்தான் கலைந்தது.

ஒரு வேட்பாளர் தடுமாறுகிறார் என்று எதை வைத்துச் சொல்வது?

தொலைக்காட்சியில் கருத்துக்கணிப்பை வைத்துச் சொல்வார்கள். நான் பணத்தைப் பார்ப்பேன். பிரசாரம் என்பது மாதாமாதம் சம்பளம் போட வேண்டிய ஒரு நிறுவனம் மாதிரி. வீடு வீடாகப் போகிறவர்களுக்குச் சம்பளம், ஊர் ஊராக அலுவலக வாடகை, விளம்பரம், விமானம் எல்லாமே ரொக்கம். நன்கொடை குறைந்தால் ஆட்களை நிறுத்த வேண்டும். ஆட்களை நிறுத்தினால் அது செய்தியாகும். செய்தி வந்ததும், நாளைக்கு அனுப்பலாம் என்று இருந்த நன்கொடையாளரும் கையை இழுத்துக்கொள்வார். இந்தச் சுழலில் மாட்டியவர்தான் உண்மையில் தடுமாறுகிறவர். கணிப்பில் 5 சதவீதத்தில் இருப்பவர்கூட மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். சம்பளம் போட முடியாதவர் தாக்குப்பிடிக்க மாட்டார்.

கையிருப்பு எவ்வளவு என்பது ரகசியமும் இல்லை. வேட்பாளர்கள் தேர்தல் ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த வேட்பாளரைப் பற்றிக் கவலை வந்தால், கருத்துக்கணிப்பைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைத் தேடிப் பாருங்கள்.

2020-ல் பைடனின் நிலை அவ்வளவு மோசமாகவா இருந்தது?

ஆமாம். எட்டு வருடம் துணை அதிபராக இருந்தவர். 2019 ஏப்ரலில் களமிறங்கியதிலிருந்து பெரும்பாலும் தேசிய அளவில் அவர்தான் முன்னிலை. ஆனால் முதல் மாநிலமான அயோவாவில் பீட் புட்டஜஜ், பெர்னி சாண்டர்ஸ், எலிசபெத் வாரன் மூவருக்கும் பின்னால் நாலாவது இடம்தான் கிடைத்தது. எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று நியூ ஹாம்ப்ஷைரில் ஐந்தாவது இடம், 8.4 சதவீத ஓட்டு. ஜனநாயகக் கட்சி விதிப்படி 15 சதவீதத்துக்குக் கீழே போனால் பிரதிநிதி கிடையாது. நம் ஊரில் டெபாசிட் போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தில் அவருக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை.

ஜனவரி முடிவில் அவர் கையில் இருந்தது சுமார் 70 லட்சம் டாலர். சாண்டர்ஸிடம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இன்னொரு பக்கம் நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் இறைத்துக்கொண்டிருந்தார். பைடன் ஏற்கெனவே இரண்டு முறை, 1988 தேர்தலுக்கும் 2008 தேர்தலுக்கும், அதிபர் வேட்பாளராக முயன்று ஒரு மாநிலத்தில்கூட வெல்லாமல் விலகியவர். இன்றைய பிரைமரி முறை வந்த 1972-லிருந்து, அயோவா, நியூ ஹாம்ப்ஷைர் இரண்டில் ஒன்றிலாவது முதல் இரண்டு இடத்துக்குள் வராத யாரும் அதுவரை ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனதில்லை. அவர் கதை முடிந்தது என்று எழுதியவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை.

அப்புறம் ஏன் அவர் விலகவில்லை?

தன்னுடைய வாக்காளர்கள் இன்னும் வரிசைக்கே வரவில்லை என்று அவருக்குத் தெரியும்.

நியூ ஹாம்ப்ஷைரில் ஓட்டுப்பதிவு முடிவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். அன்று இரவு நாஷுவா ஊரில் அவருடைய ஆட்கள் கூடியிருந்தார்கள். மேடையில் அவருடைய தங்கை வலெரி பேசினார், பைடன் திரையில்தான் வந்தார். அந்த நேரம் அவர் நின்றது தெற்கு கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில். ஓடிப்போய்விட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் அங்கே சொன்னது ஒரு எண்: 99.9 சதவீதம். நாட்டின் கறுப்பின வாக்காளர்களில் இன்னும் ஓட்டுப் போட வாய்ப்பே கிடைக்காதவர்கள் அத்தனை பேர் என்றார்.

இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷைரிலும் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்கள். ஜனநாயகக் கட்சிக்குத் தேர்தல் தவறாமல் மொத்தமாக ஓட்டுப் போடுகிறவர்கள் கறுப்பின மக்கள். அவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட வாய் திறப்பதற்கு முன்னால் போட்டி முடிந்துவிட்டது என்று சொல்வது எனக்கு அன்றும் நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை. தெற்கு கரோலினாவின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்கள்.

கிளைபர்ன் என்ற ஒருவர்தான் பைடனைக் காப்பாற்றினார் என்கிறார்களே?

ஜிம் கிளைபர்ன் தெற்கு கரோலினாவிலிருந்து 1993 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் இருப்பவர், அந்த மாநிலத்துக் கறுப்பின மக்களிடையே பெரிய செல்வாக்கு உள்ளவர். அந்த மாதம் நடந்த ஒரு விஷயத்தை அவரே சொல்லியிருக்கிறார். தெரிந்த ஒருவரின் இறுதிச் சடங்குக்காக சர்ச்சுக்குப் போயிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான ஒரு அம்மா கையசைத்துக் கூப்பிட்டு, யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்றால் குனிந்து காதில் சொல்லுங்கள் என்றாராம். இவர் குனிந்து பைடன் பேரைச் சொல்ல, அந்த அம்மா, எனக்கு இது தெரிய வேண்டியிருந்தது, எங்கள் மக்களுக்கும் உங்கள் வாயால் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 26 அன்று கிளைபர்ன் வெளிப்படையாக ஆதரவை அறிவித்தார். "ஜோவை எனக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும்" என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். முந்தைய செப்டம்பரில் காலமான தன் மனைவி எமிலிக்கும் பைடன் மேல் மதிப்பு உண்டு என்றார். அதற்கு முந்தின நாள் சார்ல்ஸ்டன் நகர விவாதத்தில், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று பைடன் உறுதி சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்படி வற்புறுத்தியவரும் கிளைபர்ன்தான். 2022-ல் கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் நீதிபதியானது அந்த வாக்கின் தொடர்ச்சி.

சரி, அவர் மட்டும்தான் காரணமா? வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் கிட்டத்தட்ட பாதிப்பேர் கிளைபர்னின் ஆதரவு தங்களுக்கு முக்கியமாக இருந்தது என்றார்கள். ஆனால் சாய்கிற இடம் பார்த்துத்தான் அவரும் தள்ளினார். ஒபாமாவோடு எட்டு வருடம் நின்றவர் என்ற பழைய பாசம் அந்த மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. அந்த சர்ச் அம்மா கேட்டது புது மனிதரைப் பற்றி இல்லை. தன் மனதில் இருந்ததற்கு ஒரு உறுதி கேட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று நாளில் எல்லாம் எப்படித் தலைகீழானது?

இடையில் நெவாடாவில் சாண்டர்ஸ் பெரிய வெற்றி பெற்றிருந்தார், பைடன் இரண்டாவது. பிப்ரவரி 29, சனிக்கிழமை, தெற்கு கரோலினாவில் பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல், சாண்டர்ஸுக்கு 20-ஐ ஒட்டி. மாநிலத்தின் 46 மாவட்டங்களிலும் பைடன்தான். முப்பது வருடத்துக்கு மேலாக அதிபர் கனவு கண்டவர் வென்ற முதல் பிரைமரி அதுதான்.

அன்று இரவே டாம் ஸ்டையர் விலகினார். ஞாயிறு புட்டஜஜ் விலகினார். திங்கள் ஏமி குளோபுசார் விலகி, அன்று மாலையே டல்லஸில் பைடன் மேடைக்கு வந்தார். புட்டஜஜும் அதே நாள் அதே ஊரில் ஆதரவு சொன்னார். செவ்வாய், மார்ச் 3, சூப்பர் செவ்வாய். ஒரே நாளில் 14 மாநிலங்கள். அதில் பத்தில் பைடன் வென்றார். டெக்சாஸ் அதில் உண்டு. பெரிதாகப் பிரசாரமே செய்யாத மினசோட்டாவும் மாசசூசெட்ஸும் உண்டு. புதன் புளூம்பெர்க் விலகினார், வியாழன் வாரன். ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸும் நிறுத்திக்கொண்டார்.

அப்படியானால் அது அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அயோவாவில் எண்ணிக்கையை அனுப்ப வைத்திருந்த செயலி கோளாறாகி முடிவு நாள்கணக்கில் இழுத்ததால், புட்டஜஜுக்கு வெற்றிச் செய்தி கிடைக்க வேண்டிய இரவில் கிடைக்கவில்லை. பைடனின் நாலாவது இடமும் அந்தக் குழப்பத்தில் கொஞ்சம் மறைந்தது. லாஸ் வேகாஸ் விவாதத்தில் வாரன் புளூம்பெர்க்கை நேருக்கு நேர் பிடித்து உலுக்கியது பைடனுக்கு நல்லதாக முடிந்தது. புட்டஜஜ், குளோபுசார் போன்ற மிதவாதிகள் இன்னும் ஒரு வாரம் பிடிவாதமாக நின்றிருந்தால் ஓட்டுப் பிரிந்து சாண்டர்ஸ் எட்டாத தூரம் போயிருக்கலாம்.

ஆனால் 46 மாவட்டம் அதிர்ஷ்டத்தில் வராது. அந்த மாநிலத்தில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் அயோவாவுக்கு முன்பும் அவர் பக்கம்தான் இருந்தார்கள். நடுவில் வந்த மூன்று வாரச் செய்தியில் அவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன் யாராவது இப்படி எழுந்து வந்திருக்கிறார்களா?

ஜான் மெக்கெயின். எனக்கு பைடனைவிட இவர் கதையே அதிகம் பிடிக்கும்.

2007 தொடக்கத்தில் குடியரசுக் கட்சியில் முன்வரிசை வேட்பாளர். பெரிய அலுவலகம், பெரிய படை, ஆறு மாதத்தில் 2.4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். ஜூலையில் பார்த்தால் கையில் சுமார் 20 லட்சம். குடியேற்றச் சீர்திருத்த மசோதாவுக்கு எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து நின்றதில் சொந்தக் கட்சிக்காரர்களே கோபமாக இருந்தார்கள். ஜூலை 10 அன்று பிரசார மேலாளரும் தலைமை வியூகக்காரரும் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஆட்களில் பெரும்பகுதியை நிறுத்த வேண்டி வந்தது. எழுபதை ஒட்டிய வயதில் சாதாரண விமானத்தில், தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நியூ ஹாம்ப்ஷைருக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அங்கே அவர் செய்தது ஒன்றே ஒன்று. ஊர் ஊராகப் போய், கூடியிருக்கிறவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்து நின்று, கேள்வி கேளுங்கள் என்றார். நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள். திட்டுகிறவரிடமும் மைக்கைக் கொடுத்தார். ஏன் அந்த மாநிலம்? 2000-ல் ஜார்ஜ் புஷ்ஷை அவர் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்த இடம் அது. தன் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து, மிச்சமிருந்த கொஞ்சப் பணத்தையும் அங்கேயே வைத்தார்.

நவம்பரில் அதுவும் போதாமல் 30 லட்சம் டாலருக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்தார்கள். அதற்காக அவர் பேரில் ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டியிருந்தது. 71 வயது வேட்பாளர் நடுவில் இறந்துவிட்டால் வங்கிக்குப் பணம் திரும்ப வேண்டுமே. அந்த ஒரு காகிதத்தில் எத்தனை நெருக்கடி இருக்கிறது பாருங்கள்! 2008 ஜனவரி 3, அயோவாவில் நாலாவது இடம். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷைரில் மிட் ராம்னியை 37-க்கு 32 என்று வென்றார். பிறகு தெற்கு கரோலினா, புளோரிடா. மார்ச் 4-ல் வேட்பாளர் ஆகிவிட்டார்.

ஒரு மாநிலத்தை நம்பிக் காத்திருந்தால் எல்லாருக்கும் இது நடக்குமா?

நடக்காது. அதே 2008-ல், அதே குடியரசுக் கட்சியில், ரூடி ஜூலியானி காத்திருந்து காணாமல் போனார். 2007 முழுக்கத் தேசியக் கருத்துக்கணிப்பில் பெரும்பாலும் அவர்தான் முதலிடம். முதல் மாநிலங்களைக் கைகழுவிவிட்டு, ஜனவரி 29-ல் வரும் புளோரிடாவில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தார். அந்த நாள் வருவதற்குள் நான்கு வாரம் செய்தியில் அவர் பெயரே இல்லை. புளோரிடாவில் 15 சதவீதத்தோடு மூன்றாவது இடம். மறுநாள் விலகி மெக்கெயினுக்கு ஆதரவு கொடுத்தார்.

ஜூலியானிக்கும் பைடனுக்கும் என்ன வித்தியாசம் என்றால், புளோரிடாவில் ஜூலியானிக்கு இருந்தது பிரபலம். வேறு யாராவது வென்று காட்டியதும் அது அவர் பக்கம் போய்விட்டது. தெற்கு கரோலினாவில் பைடனுக்கு இருந்தது பல வருடத்து உறவு.

பணம் இருந்தால் தோல்வியைத் தாங்கலாமா?

தாங்கலாம். வெல்ல முடியும் என்று சொல்ல முடியாது. 2016-ல் குடியரசுக் கட்சியில் நின்ற ஜெப் புஷ்ஷை ஆதரித்த அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அவருக்குக் கிடைத்த பிரதிநிதிகள் 4 பேர். 2020-ல் புளூம்பெர்க் செலவழித்தது 50 கோடி டாலரைத் தாண்டியது. சூப்பர் செவ்வாயன்று அவர் வென்றது அமெரிக்க சமோவா என்ற தீவுப் பகுதியை மட்டும்.

கமலா ஹாரிஸ் ஏன் அயோவா வரைக்கும்கூட வரவில்லை?

தமிழர்கள் அதிகம் கேட்ட கேள்வி இது. அம்மா ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரம் என்பதால் நம் வீடுகளில் அந்தப் போட்டியைச் சொந்தக்காரர் போட்டி மாதிரிப் பார்த்தார்கள். நானும்தான்.

2019 ஜனவரியில் ஓக்லண்டில் அவர் தொடங்கியபோது 20,000 பேர் கூடினார்கள். ஜூன் மாத மயாமி விவாதத்தில், பள்ளிகளில் இனக் கலப்புக்காகப் பிள்ளைகளைப் பஸ்ஸில் வேறு பகுதிக்கு அனுப்பும் திட்டத்தைப் பற்றி பைடனை நேராகக் கேட்டார். அந்தப் பஸ்ஸில் போன சின்னப் பெண் நான்தான் என்றார். கணிப்புகளில் ஒரே தாவலாக மேலே போனார். அதற்குப் பிறகு இறக்கம்தான். மருத்துவக் காப்பீட்டில் அவர் நிலைப்பாடு என்ன என்பதே தெளிவில்லாமல் போனது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் நின்ற போட்டியில் இடதுசாரிகளுக்கு சாண்டர்ஸும் வாரனும் இருந்தார்கள், மிதவாதிகளுக்கு பைடன் இருந்தார். தெற்கு கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் தன்னிடம் வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவர்களும் பைடனை விட்டு அசையவில்லை. இலையுதிர் காலத்தில் நியூ ஹாம்ப்ஷைரில் ஆட்களைக் குறைத்து அயோவாவை மட்டும் பிடித்துப் பார்த்தார். பணம் வரவில்லை. டிசம்பர் 3, அயோவாவுக்குச் சரியாக இரண்டு மாதம் இருக்கும்போது விலகினார். நான் கோடீஸ்வரி இல்லை, சொந்தப் பணத்தில் பிரசாரம் நடத்த முடியாது என்று அவரே சொன்னார். அடுத்த விவாதத்துக்கு அப்போது அவர் தகுதி பெற்றிருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீக்கிரம் விலகியதால் அயோவாவில் தோற்றவர் என்ற பெயர் அவருக்கு வரவில்லை. 2020 ஆகஸ்டில் பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார். 2024 ஜூலை 21-ல் பைடன் ஒதுங்கியதும், பிரைமரியில் நிற்காமலேயே கட்சியின் அதிபர் வேட்பாளரும் ஆனார்.

சொந்த மாநிலம் கைகொடுக்காதா?

கொடுத்தே தீரும் என்று எண்ண வேண்டாம். தெற்கு கரோலினா ஆளுநராக இருந்த நிக்கி ஹேலி 2024-ல் அங்கேயே டிரம்ப்பிடம் சுமார் 20 புள்ளியில் தோற்றார். வாரன் 2020-ல் தன் மாசசூசெட்ஸில் மூன்றாவதாக வந்தார். அயலூரில் தோற்றால் அடுத்த ஊர் என்று சொல்லிக்கொள்ளலாம். சொந்த மண்ணில் தோற்ற பிறகு நன்கொடையாளரிடம் சொல்ல எதுவும் இருக்காது.

"விலகுகிறேன்" என்று சொல்லாமல் "பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன்" என்கிறார்களே?

நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். கடன் பாக்கி இருக்கும், அதை அடைக்க நன்கொடை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும், கணக்கை மூடும் வரை பிரசாரக் குழு இருந்தாக வேண்டும். வென்ற பிரதிநிதிகளை வைத்துக்கொண்டு மாநாட்டில் பேரம் பேசவும் சிலர் நினைப்பதுண்டு.

கருத்துக்கணிப்பை நம்பவே கூடாதா?

நம்பலாம், யாரைக் கேட்டார்கள் என்று பார்த்து. தேசியக் கணிப்பு இந்தப் போட்டிக்கு அவ்வளவாக உதவாது. அடுத்து எந்த மாநிலம் ஓட்டுப் போடுகிறதோ அங்கே எடுத்த கணிப்பைப் பாருங்கள். அதிலும், "உங்கள் இரண்டாவது தேர்வு யார்?" என்ற கேள்விக்கு வந்த பதில் தங்கம். யாராவது விலகினால் அந்த ஓட்டு எங்கே போகும் என்று அது சொல்லும். 2003 டிசம்பரில் ஹவார்ட் டீன்தான் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். ஜான் கெர்ரி தன் பாஸ்டன் வீட்டின் பேரில் 64 லட்சம் டாலர் கடன் வாங்கி அயோவாவில் இறக்கினார். ஜனவரி 19-ல் கெர்ரிக்கு 38 சதவீதம், டீனுக்கு 18.

என் வேட்பாளர் தோற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கே போடுவதா, ஜெயிக்கிறவருக்குப் போடுவதா?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய உறவினர் ஒருவர் முதல் ஓட்டுக்கு முன் என்னிடம் கேட்டது. நான் சொன்னது இதுதான்: உங்கள் மாநிலம் முதல் நாலைந்துக்குள் இருந்தால் மனதில் இருப்பவருக்கே போடுங்கள். அந்த ஓட்டுகளை வைத்துத்தான் மற்ற மாநிலங்கள் யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்யும். சூப்பர் செவ்வாய்க்குப் பிறகு என்றால், உங்கள் ஆள் 15 சதவீதத்தை எட்டுவாரா என்று பாருங்கள். எட்ட மாட்டார் என்றால் அந்த ஓட்டுக்குப் பிரதிநிதி கிடைக்காது. தெரிந்தே போடுவதாக இருந்தால் போடுங்கள், அது உங்கள் உரிமை. தபாலில் சீக்கிரம் அனுப்பிவிட்டுப் பிறகு அவர் விலகிவிட்டாரே என்று வருந்தியவர்கள் 2020 சூப்பர் செவ்வாயில் நிறைய பேர். அவசரம் இல்லாவிட்டால் கடைசி நாள் வரை கையில் வைத்திருங்கள்.

அந்த மாநில வரிசையை மாற்ற முடியாதா?

மாற்றினார்கள். பைடன் அதிபரான பிறகு ஜனநாயகக் கட்சி தெற்கு கரோலினாவை முதலில் வைத்தது. 2024 பிப்ரவரி 3-ல் அங்கே நடந்த பிரைமரியில் பைடனுக்கு 96 சதவீதம். அயோவா காக்கஸில் நிற்கும் முறையை விட்டு, தபாலில் சீட்டு அனுப்பும் முறைக்கு மாறியது. நியூ ஹாம்ப்ஷைர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பிரைமரி தங்களுடையதுதான் என்று அவர்களுக்கு மாநிலச் சட்டமே உண்டு. கட்சியின் அனுமதி இல்லாமல் ஜனவரி 23 அன்றே நடத்தினார்கள். விதியை மீறிய தேர்தல் என்பதால் பைடன் தன் பெயரைப் பதியவில்லை, வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அவரை ஐந்தாவது இடத்தில் நிறுத்திய அந்த மாநிலத்தில், அன்று வாக்குச்சாவடிக்கு வந்த ஜனநாயகக் கட்சியினர் பேனாவால் அவர் பெயரை எழுதிப் போட்டு முதலிடத்தில் வைத்தார்கள்.